சில்லறைத் தொல்லைகள்

1971-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துக் கிறிஸ்டி மருத்துவமனையிலிருந்து ஒரு சிறிய ஆய்வறிக்கை வெளிவந்தது. முற்றிய நிலையிலோ மறுபடி தலைகாட்டிய நிலையிலோ இருந்த மார்பகப் புற்றுநோயாளிகள் 46 பேருக்கு, ஐசிஐ 46,474 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. 10 பேரிடம் தெளிவான பலன் தெரிந்தது. அதுவரை புழக்கத்தில் இருந்த ஹார்மோன் மருந்துகளும் ஏறக்குறைய இதே அளவு பலனைத்தான் தந்துவந்தன. அதனால் மருத்துவர் மேரி கோலும் உடன் பணியாற்றியவர்களும் இந்த மாத்திரையின் தனிச் சிறப்பாக எடுத்துச் சொன்னது, தொல்லை தரும் பக்கவிளைவுகள் இதில் குறைவு என்பதைத்தான். பிற்பாடு டமாக்சிஃபென் என்று உலகம் அறிந்துகொண்ட மருந்து இப்படித்தான், தொல்லை குறைந்த மருந்து என்ற நற்பெயரோடு மருத்துவ வரலாற்றில் நுழைந்தது. அந்த மதிப்பீடு நேர்மையானது, அன்றைக்கு உண்மையும்கூட. ஆனால் ‘குறைவு’ என்பது பக்கத்தில் இன்னொன்றை வைத்து அளந்து சொல்லும் சொல். எதை வைத்து அளந்தார்கள் என்பது நாளடைவில் மறந்துபோய், சொல் மட்டும் மருந்துச் சீட்டோடு ஊர் ஊராகப் போயிற்று. ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளின் வரலாற்றில் பெண்கள் பட்ட அவதியில் ஒரு பங்குக்கு மருந்து காரணம் என்றால், மறு பங்குக்கு இந்த மறதி காரணம் என்பதே என் வாதம்.

அன்றைய அளவுகோல் எது என்று முதலில் பார்க்கவேண்டும். 1895-இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், அறுத்து எடுக்க முடியாத மார்பகப் புற்றுநோயோடு வந்த 33 வயதுப் பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். கட்டி கரைந்தது. கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் சுரக்கும் என்று கால்நடை வளர்ப்போர் அறிந்திருந்த சங்கதி, மார்புக்கும் சினைப்பைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவரை யோசிக்கவைத்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே பிறக்காத காலம் அது. அடுத்த ஆண்டு லான்செட் இதழில் அவர் அதை எழுதினார். ஹார்மோனைத் தடுக்கும் மருத்துவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1944-இல் அலெக்சாண்டர் ஹாடோ, செயற்கை ஈஸ்ட்ரோஜனை மிகப் பெரிய அளவில் கொடுத்தால் சிலருக்குக் கட்டி சுருங்கும் என்று காட்டினார். ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, உடம்பில் நீர் கோத்தல், உதிரப்போக்கு என்று வரிசையாகத் தொல்லைகள். ஆண் ஹார்மோன் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு முகத்தில் முடி முளைத்தது, குரல் கட்டையாயிற்று. இன்னும் சிலருக்குச் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியையே வெட்டி எடுத்தார்கள். நாள் எண்ணிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இவற்றுக்குப் பதிலாக ஒரு மாத்திரை கிடைத்து, அதனால் வருவது அவ்வப்போது உடம்பில் எழும் திடீர் வெக்கை மட்டும்தான் என்றால், அதைச் சில்லறைத் தொல்லை என்று எந்த மருத்துவரும் சொல்லியிருப்பார். அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

மருந்து பிறந்த கதையிலும் பெண்ணின் உடம்பு கணக்குக்கு அடங்கவில்லை. ஐசிஐ நிறுவனத்தின் ஆல்டர்லி பார்க் ஆய்வகத்தில் ஆர்தர் வால்போலின் குழு தேடியது ஒரு கருத்தடை மாத்திரையை. 1962-இல் வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சன் அந்தக் கூட்டுப்பொருளை உருவாக்கினார். எலிகளில் அது கருத்தரிப்பைத் தடுத்தது. பெண்களிலோ கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டிவிட்டது. கருத்தடைக்கு உதவாமல் போனதைப் புற்றுநோய்க்குத் திருப்பியதில் வால்போலின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. (இதே மருந்துக் கூட்டத்தின் இன்னொரு உறவான ஓர்மெலாக்சிஃபென், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, ‘சஹேலி’ என்றும் பின்னர் ‘சாயா’ என்றும் இந்தியாவில் கருத்தடை மாத்திரையாகவே நிலைத்துவிட்டது.) ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் ஏற்பியில் டமாக்சிஃபென் முந்திக்கொண்டு இடம் பிடிக்கிறது. மார்பில் அது ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரி. எலும்பிலும் கருப்பையிலும் ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. ஒரே மாத்திரை உடம்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு குணம் காட்டும் என்பது புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பக்கவிளைவு என்று நாம் ஒதுக்கி வைப்பது, மருந்தின் இயல்பிலேயே பாதி.

1973-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் முற்றிய நோய்க்கு டமாக்சிஃபென் அனுமதி பெற்றது. திருப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. அறுவை முடிந்து, கண்ணுக்குத் தெரியும் நோய் எதுவும் இல்லாத பெண்களுக்கும் இதைக் கொடுத்தால் நோய் திரும்பாமல் இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. ஆய்வகத்தில் கிரேக் ஜோர்டன் நீண்டகாலச் சிகிச்சைக்கு ஆதாரம் திரட்டினார். 1983-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, இரண்டு ஆண்டு மாத்திரை உயிரைக் காக்கிறது என்று காட்டியது. 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு 55 ஆய்வுகளிலிருந்து 37,000 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில், ஐந்தாண்டுச் சிகிச்சையால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகவும் மரணம் கால் பங்கும் குறைந்தன. இரண்டு ஆண்டு ஐந்தானது. 2012-இல் வெளியான அட்லஸ் ஆய்வுக்குப் பிறகு சிலருக்குப் பத்தும் ஆனது. மார்பகப் புற்றுநோய் வரலாற்றில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிர்களைக் காத்த மருந்து வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் மாத்திரையை விழுங்குகிறவள் மாறிவிட்டாள் என்பதையும் கவனிக்கவேண்டும். 1971-இன் நோயாளி சில மாதங்களைக் கூட்டிக்கொள்ள விழுங்கினாள். இவளோ காலையில் எழுந்து சமைத்து, பேருந்து பிடித்து, அலுவலகத்திலோ வகுப்பறையிலோ எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, இரவில் நாலு தடவை வியர்த்து விழித்து, மறுநாளும் அதையே தொடரவேண்டியவள். ஐந்து ஆண்டுகள், அதாவது 1,800 நாட்களுக்கு மேல். மாத்திரையின் நன்மை, வராமல் போன நோய். அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. தீமை மட்டும் தினமும் தெரிகிறது. சில்லறையாக இருந்தாலும் 1,800 நாள் சேர்ந்தால் அது பெருந்தொகை.

மருத்துவம் பக்கவிளைவு எதையும் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எதைக் கவனித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1989-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள், டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கூடுவதை எழுதினார்கள். 1994-இல் அமெரிக்காவின் பெரிய கூட்டாய்வு, ஆண்டுக்கு ஆயிரம் பெண்களில் 1.6 பேருக்கு அது வருவதாகவும், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 0.2 பேருக்கே வந்ததாகவும் கணக்குக் கொடுத்தது. 1996-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டமாக்சிஃபெனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மறு மார்பில் புற்றுநோய் வராமல் அது தடுக்கிறது என்பதையும் அதே தீர்ப்பில் பதிந்தது. இரத்தக் கட்டிகளும் இப்படியே எண்ணப்பட்டன. இவையெல்லாம் எண்ணவேண்டியவைதாம். ஆனால் எண்ணப்பட்ட அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: நுண்ணோக்கியிலோ ஸ்கேனிலோ அவை தெரியும், பெண்ணின் வாய்மொழி தேவையில்லை. உடம்பு குப்பென்று எரிவது, தூக்கம் போவது, பிறப்புறுப்பு வறண்டு தாம்பத்தியம் வேதனையாவது, மனசு சோர்ந்து கிடப்பது ஆகியவற்றுக்கு அவள் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியைப் பதிய, அன்றைய ஆய்வுப் படிவங்களில் பெரும்பாலும் மருத்துவர் நிரப்பும் ஒரு கட்டம்தான் இருந்தது.

வெக்கையைத் தீர்க்க ஊரறிந்த வழி, போன ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுப்பது. இவர்களுக்கு அது ஆகாது என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள், அச்சம் சரியாகவே இருந்தது. ஸ்வீடனில் தொடங்கிய ஹாபிட்ஸ் ஆய்வில் ஹார்மோன் எடுத்தவர்களில் 26 பேருக்கும் எடுக்காதவர்களில் 7 பேருக்கும் நோய் தலைகாட்டியதால், 2003 இறுதியில் ஆய்வையே நிறுத்தினார்கள். கதவு அடைபட்ட நிலையில், மேயோ மருத்துவமனையின் சார்ல்ஸ் லோப்ரின்சி வெக்கையை ஓர் ஒழுங்கான ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு கடுமை என்று பெண்களே நாட்குறிப்பில் எழுதவேண்டும். பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுக்கவேண்டும். நல்ல ஆய்வுக்கு வேறென்ன வேண்டும்? வெற்று மாத்திரையாலேயே கால் பங்கு வெக்கை குறைவதைக் கண்டார்கள். ஊருக்கு ஊர் மெச்சப்பட்ட பல கைமருந்துகள் அந்தக் கால் பங்கைத் தாண்டவில்லை. மனச்சோர்வுக்கான வென்லாஃபாக்சின் தாண்டியது: 2000-இல் வெளியான ஆய்வில் 75 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு வெக்கை 61 விழுக்காடு குறைந்தது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 27. வலிப்புக்கான காபாபென்டினும் பிறகு பலன் தந்தது. தாங்கிக்கொள் என்ற ஒற்றை ஆலோசனையின் இடத்தில் மருந்து எழுதிக்கொடுக்க முடிந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இதையொட்டியே நடந்தது. வெக்கைக்காக மனச்சோர்வு மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்ததும், டேவிட் ஃபிளாக்ஹார்ட்டும் வெரெட் ஸ்டேர்ன்ஸும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: இந்த மாத்திரைகள் டமாக்சிஃபெனின் வேலையில் குறுக்கிடுமா? டமாக்சிஃபென் எடுத்துவந்த 12 பெண்களுக்கு, மனச்சோர்வு மாத்திரைகளில் ஒன்றான பராக்செட்டினை நான்கு வாரம் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். 2003-இல் வெளியான விடை, டமாக்சிஃபெனைப் பற்றிய அறிவையே புரட்டிப்போட்டது. டமாக்சிஃபென் பெருமளவுக்கு ஒரு மூலப்பொருள்தான்; கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை மாற்றி உண்டாக்கும் எண்டாக்சிஃபென், ஏற்பியைப் பன்மடங்கு வலுவாகப் பற்றுகிறது. பராக்செட்டின் அந்த நொதியையே முடக்கி எண்டாக்சிஃபென் அளவைச் சரித்துவிடுகிறது. வென்லாஃபாக்சினோ அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. 2010-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2,430 பெண்களின் பதிவேடுகளைப் பார்த்தபோது, டமாக்சிஃபெனோடு பராக்செட்டினைச் சேர்த்து எடுத்த காலம் நீள நீள மார்பகப் புற்றுநோய் மரணமும் கூடியது தெரிந்தது. அந்த நொதியின் மரபு வேறுபாடுகளைச் சோதித்து மருந்தை முடிவு செய்யலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்ற எச்சரிக்கை மட்டும் நிலைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளாக உலகம் விழுங்கிய மருந்து உள்ளே என்னவாக மாறி வேலை செய்கிறது என்ற இந்தப் பாடத்துக்கு வழி திறந்தது, வியர்க்கிறது டாக்டர் என்ற புகார். சில்லறை என்று தள்ளியிருந்தால், பராக்செட்டினோடு சேர்த்து எழுதப்பட்ட சீட்டுகள் எத்தனை உயிரை எடுத்துக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடுத்த தலைமுறை மருந்துகளாக அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸெமஸ்டேன் வந்தன. இவை ஏற்பியோடு மல்லுக்கு நிற்பதில்லை. கொழுப்பிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமடேஸ் நொதியையே அடக்குகின்றன. 9,366 பேரைச் சேர்த்த அட்டாக் ஆய்வில் அனஸ்ட்ரோசோல் டமாக்சிஃபெனை விஞ்சியது. கருப்பைப் புற்றுநோயும் வெக்கையும் குறைந்தன. மூட்டுவலியும் எலும்பு முறிவும் கூடின: மூட்டுவலி 35.6 விழுக்காடு, டமாக்சிஃபெனுக்கு 29.4, எலும்பு முறிவு 11, எதிரில் 7.7. பழைய கதை இங்கே மறுபடி நடந்தது. ஆறு விழுக்காட்டு வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரிந்தது. 2007-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, இம்மருந்துகளை எடுத்துவந்த 200 பெண்களிடம் நேரடியாகக் கேட்டது. 47 விழுக்காட்டினர், மருந்தால்தான் மூட்டுவலி வந்தது அல்லது கூடியது என்றார்கள். காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியவில்லை, படி இறங்கப் பிடிமானம் தேவைப்படுகிறது என்பவையெல்லாம் ஆய்வுப் படிவத்தில் ‘மூட்டுவலி: உண்டு’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன. கேட்கத் தொடங்கிய பின்னரே தீர்வுகளும் வந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஹோப் ஆய்வில் 121 பெண்களில் ஒரு சாரார் வாரம் இருமுறை எடை தூக்கும் பயிற்சியும் வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் ஓராண்டு செய்தார்கள். அவர்களுடைய கடும் வலி 29 விழுக்காடு குறைந்தது. மூட்டு வலிப்பவர்களை ஓய்வெடுக்கச் சொல்வதுதான் நம் வழக்கம். சான்று அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது.

கேட்காமல் விட்டதன் விலையும் கணக்கில் இருக்கிறது. வடக்குக் கலிபோர்னியாவில் ஒரே மருத்துவத் திட்டத்தின் கீழிருந்த 8,769 பெண்களின் மருந்துக் கொள்முதலை ஆராய்ந்து 2010-இல் டான் ஹெர்ஷ்மனின் குழு வெளியிட்ட கணக்குப்படி, நாலரை ஆண்டுகளில் 49 விழுக்காட்டினர்தான் மருந்தை முழுக்காலமும் முறைப்படி எடுத்திருந்தார்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டோர் விட்டுவிடுவது அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு அதே குழு, பாதியில் விட்டவர்களிடம் மரணமும் அதிகம் என்று காட்டியது. மாத்திரையை விட்டதற்குக் காரணங்கள் பல. விலை உண்டு, மறதி உண்டு, பயம் உண்டு. ஆனால் விட்டவர்களைக் கேட்ட ஆய்வுகளில் பக்கவிளைவு திரும்பத் திரும்ப முன்னால் வருகிறது. ஆக, உயிருக்கு ஆபத்தில்லை என்று ஒதுக்கப்பட்ட தொல்லைகள், மாத்திரையை டப்பாவிலேயே தூங்கவைத்து, அந்த வழியாக உயிருக்கே ஆபத்தாக முடிகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு மூட்டு வலிப்பதும் வியர்ப்பதும் இயற்கை, எல்லாப் பழியையும் மாத்திரையின் தலையில் போடலாமா என்பது அது. தட்டிக்கழிக்க முடியாத சான்றுகளும் அதன் பக்கம் இருக்கின்றன. நோய் வராத, ஆனால் வரக்கூடும் என்று கருதப்பட்ட 13,388 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த தடுப்பு ஆய்வில், டமாக்சிஃபென் எடுத்தவர்களில் 45.7 விழுக்காட்டினர் வெக்கையால் மிகவும் அவதிப்பட்டார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 28.7 விழுக்காட்டினர் அப்படியே சொன்னார்கள். அனஸ்ட்ரோசோலை வைத்து நடந்த ஐபிஸ் இரண்டாம் ஆய்விலோ மூட்டு, தசைத் தொல்லை மருந்து எடுத்தவர்களில் 64, வெற்று மாத்திரையில் 58. ஆகவே எந்த ஒரு பெண்ணின் எந்த ஒரு வலியையும் காட்டி, இது மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த எண்கள் நிறுவுவது வலியின் காரணம் பல என்பதை மட்டுமே. வலி இல்லை என்பதை அல்ல. காரணம் வயதானாலும் மாத்திரையானாலும், அவள் மாத்திரையை நிறுத்திவிட்டால் விளைவு ஒன்றுதான். நடைப்பயிற்சியும் வென்லாஃபாக்சினும் காரணம் விசாரித்துவிட்டு வேலை செய்வதில்லை. போதாததற்கு, வலிக்கு வயதைக் காரணம் காட்டும் அதே வாய், வயதால் வரும் வலிக்கும் மருத்துவம் தரவேண்டியதில்லை என்று சொல்லாமல் சொல்கிறது.

பக்கவிளைவைப் பேசப் பேசப் பெண்கள் பயந்து மருந்தை விடுவார்கள், உயிர்தான் முதல் என்பது அடுத்த மறுப்பு. எதிர்பார்ப்பே தொல்லையைக் கூட்டும் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாதிப் பேர் மருந்தை முறைப்படி முழுக்காலமும் எடுக்கவில்லை என்ற கலிபோர்னியக் கணக்கு, பேசாமை யாரையும் காக்கவில்லை என்று காட்டுகிறது. பேசியதால் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். இத்தாலியில் ஆண்ட்ரியா டிசென்சி 20 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் டமாக்சிஃபெனை, மூன்று ஆண்டு, 500 பெண்களில் சோதித்தார். ஊடுருவாத ஆரம்ப நிலை மாற்றங்கள் உள்ளவர்களுக்கு அந்தச் சிறு அளவே மறுபடி வருவதைப் பாதியாகக் குறைத்தது. பெரிய தொல்லையும் தரவில்லை. ஊடுருவிய புற்றுநோய்க்கு இது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். இன்னொன்று, குழந்தை வேண்டும் என்று காத்திருந்த இளம் பெண்களின் கேள்வியிலிருந்து வந்தது. பாசிட்டிவ் என்ற பன்னாட்டு ஆய்வில் 516 பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு மருத்துவக் கண்காணிப்பில் மாத்திரையை இடைநிறுத்திக் கருத்தரிக்க முயன்றார்கள். 2023-இல் வெளியான முடிவில் மூன்றாண்டுகளில் நோய் திரும்பியது 8.9 விழுக்காட்டினருக்கு, ஒப்பிட்ட குழுவில் 9.2. நீண்டகால முடிவுக்கு இன்னும் காத்திருக்கவேண்டும். ஆனால் கேட்கவே கூடாது என்று கருதப்பட்ட கேள்விக்கு எண்ணால் விடை கிடைத்திருக்கிறது.

வெக்கைக்கு உடம்பில் ஓர் இடமும் இன்று கிடைத்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் நவோமி ரான்ஸ், மாதவிடாய் நின்ற பிறகு இறந்த பெண்களின் மூளைகளை ஆராய்ந்து, ஹைப்போதலாமஸில் ஒருவகை நரம்பணுக்கள் பருத்திருப்பதையும் அவை நியூரோகைனின் பி என்ற பொருளை மிகையாக உண்டாக்குவதையும் கண்டார். ஈஸ்ட்ரோஜனின் கடிவாளம் தளர்ந்ததும் இந்த அணுக்கள் உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டைத் தட்டி எழுப்புகின்றன. அந்த வழியை ஹார்மோன் இல்லாமல் அடைக்கும் எலின்சனெட்டன்ட் என்ற மருந்து, ஹார்மோன் தடுப்புச் சிகிச்சையில் இருந்த 474 பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2025-இல் நல்ல முடிவு தந்தது. எல்லாம் மனப் பிரமை என்று ஒரு காலத்தில் கைகாட்டப்பட்ட தொல்லைக்கு முகவரி இருந்திருக்கிறது, தேடியவர்கள்தான் குறைவு.

இந்த மாத்திரைகளை எடுத்துவரும் வாசகி ஒருவர் இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம், தாங்கமுடியாததைத் தாங்குவதாகச் சொல்லவும் வேண்டாம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை முறை வெக்கை, எந்த மூட்டு, எத்தனை மணி நேரத் தூக்கம், கூடவே வேறு என்னென்ன மாத்திரை. அந்த நோட்டோடு மருத்துவர் முன் உட்கார்ந்து, மருந்தை மாற்றலாமா, வெக்கைக்கு எது ஒத்துவரும், எலும்புச் சோதனை எப்போது, எனக்கு எந்த உடற்பயிற்சி தகும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.